பெருக்கடியை எண்ணி முடிக்காமல் போன தபால் அக்கா

குருத்தோலை ஞாயிறுக்கு முதல்நாள் காலை, மாதா கோயில் முற்றத்தில் நாங்கள் ஐந்தாறு பெண்கள் இருந்து ஓலை பிரித்துக்கொண்டிருந்தோம். நசீரின் ஓட்டோ வாசலில் வந்து நின்றது. வழமையாக ஹோர்ன் அடித்து, "றோசாக்கா, மீன் இருக்கோ?" என்று கேட்டுவிட்டுப் போகிறவர். அன்று இறங்கி வந்து வாசல் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அக்கா, கொஞ்சம் இஞ்சால வாங்கோ."

போனேன்.

"தபால் அக்கா மௌத்தாப் போயிட்டாங்க. விடியக்காலையில. மகன் வவுனியாவிலயிருந்து வந்துகொண்டிருக்கிறாராம்."

என் கையில் ஒரு குருத்து இருந்தது. அதைக் கீழே வைக்கவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. உண்மையைச் சொன்னால், நான் முதலில் நினைத்தது அக்காவைப் பற்றி அல்ல. விபூதிப் புதனுக்கு முதல் கிழமையிலிருந்து நான் அவருடன் பேசவில்லை. பெரிய வெள்ளிக்கு முன் போய்ப் பேசிவிடவேண்டும் என்று நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டிருந்தேன். இனி யாரிடம் போய்ப் பேசுவது என்றுதான் நினைத்தேன்.

இந்த நினைவு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி அக்காவின் மகன் கேட்டபோது, ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான் என்று சொன்னேன். "அம்மா எழுதினதிலை பாதி உங்கட கொப்பியிலையிருந்துதானே அன்ரி" என்றார். அதனால் எழுதுகிறேன். இதை வாசிக்கிற எல்லோருக்கும் அக்காவைத் தெரியும். யாருக்காவது தெரியாதிருந்தால், பெயர் யோகம்மா. எங்கள் ஊர் உப தபாற்கந்தோரில் தபாலதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் எல்லோருக்கும், தன்னிலும் மூத்தவர்களுக்கும்கூட, அவர் தபால் அக்கா.

ஓய்வு பெற்ற பிறகு அக்கா ஒரு வேலையை எடுத்துக்கொண்டார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஒப்படை எழுதுவதற்கு எங்கள் ஊரைப் பற்றி ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லை என்று நூலகத்தில் சொன்னார்கள். அப்படியென்றால் நானே எழுதுகிறேன் என்று தொடங்கினார். மூன்று பாகம். ஊர் எங்கே இருக்கிறது, எப்படி வந்தது, யார் யார் இருக்கிறார்கள். முதல் கொப்பியின் முதல் வரி இது: "பெருக்கடி மன்னார்த் தீவுக்குத் தெற்கே பெருநிலத்துக் கரையில், கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீர் வந்து முடிகிற இடத்துக்கும் கடல் தொடங்குகிற இடத்துக்கும் நடுவில் உள்ள சிறிய ஊர்." அந்த வரிக்கு அவர் ஒரு மாதம் எடுத்தார். தண்ணீர் எங்கே முடிகிறது என்று நடந்து பார்க்காமல் எழுதமாட்டேன் என்றார்.

அதற்காகத்தான் என்னைத் தேடி வந்தார். நான் கிணறுகளைக் குறித்துவைக்கிற பழக்கம் உள்ளவள். எந்தக் கிணறு எந்த மாதத்தில் உவர்க்கிறது, எந்தக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு கெதியாக அவிகிறது, எதில் தேத்தண்ணி கறுக்கிறது, சோளகக் காற்று தொடங்கினால் எது முதலில் வற்றுகிறது, எல்லாம் என் கொப்பியில் இருக்கும். ஏன் அப்படி ஒரு பழக்கம் என்று அக்கா ஒருநாளும் கேட்டதில்லை. அவருக்குத் தெரியும்.

இரண்டு பேரும் ஊரைக் கிணறு கிணறாகச் சுற்றினோம். கடற்கரையில் எங்கள் கத்தோலிக்கக் குடும்பங்கள், சந்தியைச் சுற்றி முஸ்லிம் வீடுகளும் கடைகளும், வாய்க்கால் பக்கம் வயல்காரரான சைவக் குடும்பங்கள். அக்கா ஒவ்வொரு கிணற்றிலும் ஒரு வாய் குடித்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். நான் சொல்லுவதை எழுதுவார். வயல் பக்கத்தில் செல்லம்மா என்று ஒருவர், எங்களைத் தூரத்தில் கண்டதும் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"என்ன யோகமக்கா, வீட்டுக்கு வந்தா தேத்தண்ணி தரமாட்டமோ? கிணத்தடியோட குடிச்சிட்டுப் போறியள்."

"உன்ர தேத்தண்ணி எனக்குத் தெரியும். தண்ணியை மட்டும் பாக்க வந்தனான்."

"அப்ப றோசம்மா ஏன்?"

"அவதான் நாக்கு. நான் பேனை."

செல்லம்மா விழுந்து விழுந்து சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டிருந்தார். அக்கா வரைந்த ஊர்ப் படத்தில் எங்கள் ஊர் மூன்று சமயத்தாரின் மூன்று பகுதிகளாக இல்லை. நல்ல தண்ணீர், உவர் தண்ணீர், மழைக்கு மட்டும் நல்ல தண்ணீர் என்றுதான் பிரிந்திருக்கிறது. நல்ல தண்ணீர்ப் பகுதிக்குள் மூன்று சமயத்தாரின் வீடுகளும் வருகின்றன. இதை அவர் எங்கும் எடுத்துச் சொல்லவில்லை. கோடு போட்டதோடு விட்டுவிட்டார்.

இரண்டாம் பாகத்தில்தான் பிரச்சினை வந்தது. சந்தியில் நிற்கிற பெருக்கமரத்தால்தான் ஊருக்கு இந்தப் பெயர். ஆறு பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத மரம். அதை யார் நட்டது என்று அக்கா நூலகத்தில் ஒரு கூட்டம் வைத்துக் கேட்டார். கேட்டிருக்கக் கூடாது என்று பிறகு அவரே சொன்னார்.

வள்ளங்களும் வலையும் வைத்திருக்கிற எங்கள் பக்கத்துச் சம்மாட்டியார் முதலில் எழும்பினார். "இதிலை கேக்க என்ன இருக்கு? எங்கட பூட்டன் வள்ளம் கட்டின மரம். அப்ப கடல் மரத்தடி மட்டும் வந்தது."

வாய்க்கால் சங்கத்துத் தலைவர் இருந்தபடியே சொன்னார். "வள்ளம் கட்ட முதல் அதிலை எங்கட ஆக்கள் மாடு கட்டினவை."

நசீர் பின்கதிரையில் இருந்தார். "அந்த மரத்தைக் கொண்டுவந்ததே ஒட்டகத்துக்குத் தீன் போடத்தானே. அரபிக்காரர் கொண்டு வந்தது. உங்கட மாடும் வள்ளமும் எல்லாம் பிறகு."

"நீ ஒட்டகத்தைக் கண்டனியோ?"

"நீங்க பூட்டனக் கண்டீங்களோ?"

அக்கா மேசையில் பேனையால் இரண்டு தட்டுத் தட்டினார். தபாற்கந்தோரில் வரிசை குழம்பினால் தட்டுகிற அதே தட்டு. எல்லோரும் நிறுத்தினார்கள்.

"மரம் நட்டவர் கடிதம் ஏதும் போட்டிருந்தா என்னட்டைத் தாங்கோ. இல்லாட்டி நான் தெரியாது எண்டுதான் எழுதுவன்."

"தெரியாது எண்டு எழுத ஒரு புத்தகமோ அக்கா?" என்று சம்மாட்டியார் கேட்டார்.

"தெரியாததைத் தெரியும் எண்டு எழுதினா, பிறகு தெரிஞ்சதையும் ஒருத்தரும் நம்பாயினம்."

அப்படியே எழுதினார். "பெருக்கமரத்தை நட்டவர் யார் என்பது தெரியாது." மூன்று பக்கத்தாரும் கொஞ்ச நாள் அக்காவுடன் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்று பேரும் கோவிச்சா நான் சரியாத்தான் எழுதியிருக்கிறன் என்று என்னிடம் சொன்னார்.

அவர் எப்போதும் அப்படித்தான் என்பது நசீருக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். நசீர் பிள்ளையாக இருந்த காலத்தில் முஸ்லிம் குடும்பங்கள் ஊரை விட்டுப் போகும்படி சொல்லப்பட்டு, எடுத்தது பாதி எடுக்காதது பாதியாகப் போனார்கள். அவர்களுக்கு அதற்குப் பிறகும் கடிதங்கள் வந்தன. ஆள் இல்லை என்று எழுதித் திருப்பி அனுப்புவதுதான் விதி. அக்கா திருப்பவில்லை. "ஆள் இல்லை எண்டு எப்பிடி எழுதுறது? ஆள் இருக்கு, இஞ்சை இல்லை" என்று ஒரு பிஸ்கற் ரின்னுக்குள் போட்டு வைத்தார். பிறகு நாங்களும் இடம்பெயர்ந்தோம். ஒவ்வொரு முறையும் அக்காவின் உழவு இயந்திரப் பெட்டிச் சாமான்களுக்குள் இரண்டு பொருள் இருக்கும். ஒன்று தபாற்கந்தோரின் திகதி முத்திரை. மற்றது அந்த ரின். நகைப்பெட்டியை ஒரு இடத்தில் விட்டுவிட்டு வந்தவர், ரின்னை விடவில்லை. வருடங்கள் கழித்து நசீர் குடும்பம் திரும்பி வந்தபோது, வந்த மூன்றாம் நாள் அக்கா போய் அவருடைய வாப்பாவுக்கு வந்த கடிதத்தைக் கொடுத்தார். வாப்பா அதற்குள் புத்தளத்தில் இறந்துவிட்டார். நசீர் வாங்கிப் படித்துவிட்டு அழுதபோது அக்கா நின்று பார்த்திருந்துவிட்டு, "பிந்திப்போச்சு தம்பி. மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்று சொன்னாராம். அந்தக் கடிதத்தில் என்ன இருந்தது என்று நசீர் எவருக்கும் சொன்னதில்லை.

மூன்றாம் பாகம் சனத்தொகை. கந்தோர்களில் உள்ள இலக்கம் அக்காவுக்குப் போதவில்லை. பதிவில் உள்ளவர் கனடாவில் இருக்கிறார், பதிவில் இல்லாதவர் இங்கே நான்கு வருடமாகக் கூலிக்கு வலை இழுக்கிறார் என்றார். அதனால் தன் கணக்குக்குத் தானே ஒரு விதி வைத்தார். வீட்டு வாசலில் நின்று ஒரே கேள்விதான் கேட்பார். "நேற்று இரவு இந்த அடுப்பிலை சமைச்சதைத் திண்டது எத்தினை பேர்?"

இந்தக் கேள்வி பலருக்குப் பிடிக்கவில்லை. மூன்று ஆண்பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிய ஒரு தாய், ஐந்து பேர் என்றார்.

"அவையள் நேற்றுத் திண்டவையோ?" என்று அக்கா கேட்டார்.

"வீடியோவிலை காட்டினவங்கள், திண்டதை."

"அது அவையின்ர அடுப்பு, அம்மா."

"அப்ப நான் பெத்தது கணக்கில்லையோ?"

"பெத்ததுக்கு வேறை பக்கம் வைச்சிருக்கிறன். போனவை எண்டு. அதிலை மூண்டு பேரும் வருவினம், பேரோடை." அந்தத் தாய் பெயர்களைச் சரியாக எழுதுகிறாரா என்று பக்கத்தில் இருந்து பார்த்து, பிறகுதான் விட்டார்.

ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வரி. அந்த வரியில் இருப்பவர், போனவர், இறந்தவர் என்று மூன்று கட்டங்கள். பின்னேரங்களில் நான்தான் கூட வருவேன். அக்காவுக்கு முழங்கால் வருத்தம். ஒரு வீட்டில் கதிரை போட்டால் அடுத்த வீட்டுக்கு எழும்ப மனம் வராது. எழுப்பிக் கூட்டிக்கொண்டு போவது என் வேலை. இப்படி மாசி மாதத்தில் கடற்கரைப் பக்கத்து வீடுகளும் முடிந்து, கடைசியாக என் வீட்டுக்கு வந்தோம்.

என் வீட்டில் நானும் மகள் டிலானியும். அவள் முன்பள்ளி ஆசிரியை. என் கணவர் சவிரிமுத்து, யுத்தம் முடிகிற காலத்தில் நாங்கள் சனத்தோடு சனமாக வன்னிக்குள்ளே போய்க்கொண்டிருந்தபோது, ஒரு சந்தியில் எங்களை ஒரு மரத்தின் கீழ் இருத்திவிட்டு, தண்ணீர் எடுத்துவரப் போனார். அந்தப் பக்கம் ஒரு கிணறு இருக்குதாம் என்று யாரோ சொன்னார்கள். மஞ்சள் பிளாஸ்டிக் கான் ஒன்றைக் கொண்டு போனார். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். பதினைந்து வருடத்துக்கு மேலாகிறது. கந்தோர்களுக்குப் போனேன், முகாம்களுக்குப் போனேன், படத்தைப் பிடித்துக்கொண்டு வீதியில் இருந்தேன். எல்லாப் படிவத்திலும் கணவர் இருக்கிறார் என்றே எழுதினேன். மரித்தவர்களின் ஆத்துமாக்களுக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கிற நாளில் எல்லோரும் பெயர் எழுதிக் கொடுப்பார்கள். நான் ஒருமுறையும் அவர் பெயரைக் கொடுத்ததில்லை.

அக்கா எங்கள் குசினி வாசலில் முக்காலியில் இருந்தார். மற்ற வீடுகளில் கேட்டதுபோலத்தான் என்னிடமும் கேட்டார். எனக்காக அந்தக் கேள்வியை மாற்றியிருக்கலாம் என்று அப்போது நினைத்தேன்.

"நேற்று இரவு எத்தினை பேர்?"

"மூண்டு" என்றேன்.

அக்கா பேனையைத் தூக்கவில்லை.

"மூண்டு பேருக்கு அரிசி போடுறனான் அக்கா. ஒருநாளும் குறைச்சதில்லை. டிலானியைக் கேளுங்கோ."

"போடுறது சரி பிள்ளை. எனக்குத் தெரியும்" என்றார். குரல் மெதுவாகத்தான் இருந்தது. "திண்டது ஆர்?"

விடிந்ததும் அந்தச் சோறு காகத்துக்கும் பக்கத்து வீட்டு நாய்க்கும் போகிறது. அது எனக்கும் தெரியும், டிலானிக்கும் தெரியும். ஆனால் அப்படி ஒருவரும் என்னைக் கேட்டதில்லை. எங்கள் கோயில் சுவாமியார்கூடக் கேட்டதில்லை.

"உங்களுக்கென்ன அக்கா," என்றேன். "உங்கட மனுசன் உங்கட மடியிலை, உங்கட கட்டிலிலை செத்தவர். கட்டம் பாத்து எழுதுறது உங்களுக்குச் சுகம்."

டிலானி "அம்மா" என்றாள். அக்கா கொப்பியை மூடினார். கையை ஊன்றி எழும்பப் பார்த்தார். முழங்கால் பிடிக்கவில்லை. வழமையாக நான் கை கொடுப்பேன். அன்று கொடுக்கவில்லை. டிலானிதான் பிடித்துத் தூக்கிப் படலை வரைக்கும் கொண்டுபோய் விட்டாள்.

தபசுகாலம் முழுக்க நான் ஒவ்வொரு வெள்ளியும் சிலுவைப்பாதை செய்தேன். பிறர் குற்றங்களைப் பொறுப்பது பற்றிய வரி வருகிற இடத்தில் என் வாய் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வேகமாகப் போகும். அதை இங்கே எழுதுவது எனக்கு வெட்கம். ஆனால் அக்காவின் மலரில் பொய் எழுத முடியாது.

சாவீட்டில் அக்காவைச் சந்தன நிறச் சேலையில் கிடத்தியிருந்தார்கள். கைவிரலில் மை இருந்தது. கழுவியும் போகவில்லை என்று செல்லம்மா சொன்னார். நான் காலடியில் நின்று மன்னிப்புக் கேட்டேன். ஆண்கள் பாடையைத் தூக்கியபோது பெண்கள் படலையோடு நின்றோம். மூன்று பக்கத்து ஆண்களும் போனார்கள். சம்மாட்டியாரும் வாய்க்கால் தலைவரும் முன்னால் தோள் கொடுத்தார்கள். பெருக்கமரத்தடியில் ஒரு நிமிடம் இறக்கி வைத்துத் தூக்கினார்கள் என்று நசீர் வந்து சொன்னார்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு அன்று அக்காவின் மகன் அவர் எழுதிய நான்கு கொப்பிகளையும் என் கையில் தந்தார். "இதை முடிக்க உங்களாலைதான் ஏலும் எண்டு அம்மா சொன்னவ."

"எப்ப சொன்னவ?"

"போன மாசம் வந்து நிண்டனான். அப்ப."

போன மாதம் என்றால் நாங்கள் பேசாமல் இருந்த காலம்.

வீட்டுக்குக் கொண்டுவந்து குசினியில் இருந்து பார்த்தேன். எல்லா வீடுகளும் மையால் எழுதப்பட்டிருந்தன. என் வீட்டு வரியில் என் பெயரும் டிலானியின் பெயரும் இருப்பவர் கட்டத்தில். சவிரிமுத்து என்ற பெயர் எந்தக் கட்டத்திலும் இல்லை. வரியின் ஓரத்தில் பென்சிலால், சின்ன எழுத்தில், "இதை றோசம்மா எழுதவேண்டும். நான் எழுதக் கூடாது" என்று இருந்தது. அக்கா பென்சில் பிடித்து நான் கண்டதில்லை. அழிக்கக்கூடிய எழுத்து கந்தோருக்கு உதவாது என்பார்.

மூன்று நாள் அந்தக் கொப்பியைத் திறந்து வைத்து மூடினேன். இருப்பவர் கட்டத்தில் எழுதினால் தடுக்க இனி ஒருவரும் இல்லை. புத்தகமாக வந்தால் அதுவே ஊரின் கணக்கு. அவர் இருக்கிறார் என்று அச்சில் வந்துவிடும். அந்த ஆசை எனக்கு இருந்தது. ஆனால் அதற்கு முன் நான் செய்யவேண்டிய வேறு ஒன்று இருந்தது. அக்காவின் வீட்டு வரி. அதில் இருப்பவர் கட்டத்தில் அவருடைய பெயர் ஒன்றுதான் இருந்தது, அவருடைய கையெழுத்தில். அதைக் கோடு போட்டு வெட்டி, இறந்தவர் கட்டத்தில் யோகம்மா என்று நான் எழுதவேண்டும். நேற்று அந்த அடுப்பில் சமைத்துச் சாப்பிட ஒருவரும் இல்லை. எழுதினேன். எழுத்து சரியாகத்தான் வந்தது. எனக்கு அது தெரியும், என் கண்ணால் கண்டது, அதனால் எழுத முடிந்தது.

அந்த மையோடேயே என் வரிக்கு வந்தேன். கட்டங்கள் ஒன்றிலும் எழுதவில்லை. வரிக்குக் கீழே முழுவதாக எழுதினேன். "சவிரிமுத்து. தண்ணீர் எடுக்கப் போனவர். திரும்பி வரவில்லை. இருக்கிறாரா இறந்தாரா என்பது தெரியாது."

எழுதிவிட்டு நெடுநேரம் அழுதேன். டிலானி வந்து பக்கத்தில் இருந்து வாசித்தாள். அப்பாவின் பெயருக்குக் கீழே மை காயும்வரை ஊதினாள்.

எனக்குத் தெரியாது என்று எழுதினேன். தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார் என்பது என் விசுவாசம். அது ஊர்க் கொப்பியில் எழுதுவதற்கில்லை, செபத்தில் சொல்வதற்கு. இதுவரை எங்கள் மாதா கோயிலில் இருப்பவர்களுக்கான மன்றாட்டில் மட்டும் அவர் பெயரைச் சொல்லி வந்தேன். இனி எந்தப் பட்டியலிலும் சேர்க்காமல் பெயரை மட்டும் சொல்லுவேன். எங்கே சேர்ப்பது என்று ஆண்டவருக்குத் தெரியும்.

அக்காவின் புத்தகத்தை அச்சுக்குக் கொடுக்க இன்னும் வேலை இருக்கிறது. கிணறுகளில் இரண்டை இந்தச் சோளகத்தில் மறுபடியும் பார்க்கவேண்டும். மற்றபடி அவரிடமிருந்து என்னிடம் இருப்பவை நான்கு கொப்பிகளும், ஓரத்தில் பென்சிலால் எழுதிய அந்த ஒரு வரியும். அதை நான் அழிக்கவில்லை. இன்னொன்றும் இருக்கிறது. இப்போதும் நான் மூன்று பேருக்குத்தான் அரிசி போடுகிறேன். அதை அக்காவும் குறைக்கச் சொல்லவில்லை. ஆனால் யாராவது வந்து கேட்டால், தின்றது இரண்டு பேர் என்று சொல்லுகிறேன்.